பல்கலைக்கழகத்துக்கு டிஜிட்டல் உத்தி: எல்லாரையும் கேட்டு எழுதுவது எப்படி?

"நமக்கும் ஒரு டிஜிட்டல் உத்தி வேண்டும், தயார் செய்யுங்கள்" என்று துணைவேந்தர் சொல்லிவிட்டார். அதாவது, கணினி, மென்பொருள், இணையம் இவற்றை வரும் வருடங்களில் பல்கலைக்கழகம் எப்படிப் பயன்படுத்தப் போகிறது என்று சொல்லும் ஆவணம். பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. வேறு பல்கலைக்கழகங்களின் ஆவணங்கள் நாலைந்தை எடுத்து வெட்டி ஒட்டி, நடுவே 'கிளவுட்', 'செயற்கை நுண்ணறிவு' என்று தூவினால் ஒரே வாரத்தில் வேலை முடிந்துவிடும். யாரும் படிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். அப்படி வேண்டாம், உள்ளே இருப்பவர்களைக் கேட்டே எழுதலாம் என்று நினைத்தால் மேலே படியுங்கள்.

படி 1: எது முடிவாகிவிட்டது என்பதை முதலில் சொல்லுங்கள்

பொதுமக்கள் பங்கேற்பைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் எட்டுப் படிகள் கொண்ட ஏணி ஒன்றை முன்வைத்தார். அதில் கருத்துக்கேட்பு கீழிருந்து நாலாவது படிதான். கேட்பது வேறு, முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பகிர்வது வேறு. நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பாடக் குறிப்பு, ஒப்படைப்பு, மதிப்பெண் எல்லாம் வைக்கும் கற்றல் மேலாண்மை மென்பொருளுக்கு இன்னும் சில வருட ஒப்பந்தம் பாக்கி என்றால், "அது மாறாது, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று மட்டும் பேசுவோம்" என்று முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். முடிந்துபோன விஷயத்துக்குக் கருத்துக் கேட்டால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது.

படி 2: தானாக வராதவர்களைத் தேடிப் போங்கள்

ஐடி பிரிவு, தொழில்நுட்ப ஆர்வமுள்ள நாலு பேராசிரியர்கள், மாணவர் சங்கத் தலைவர்கள். இவர்கள் கூப்பிடாமலே வருவார்கள். தேர்வுப் பிரிவு எழுத்தர், ஆய்வக உதவியாளர், பகுதிநேர மாணவர், மணிக்கணக்குக்குப் பாடம் எடுக்க வரும் கௌரவ விரிவுரையாளர்? வர மாட்டார்கள். அவர்கள் இருக்கும் இடத்துக்கு, அவர்களுக்கு ஒழிந்த நேரத்தில் நீங்கள்தான் போக வேண்டும். சேர்க்கை, தேர்வு நடக்கும் வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களிடம் "இணையதளம் வசதியாக இருக்கிறதா?" என்று கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளை வைத்துக் கட்டணம் கட்டிக் காட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். இணையதளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைப்பது எப்படி என்று சொல்லும் வெப் அணுகல்தன்மை வழிகாட்டியின் (WCAG) 2.2 பதிப்பு 2023-இல் வந்தது. அது, மனப்பாடத்தை மட்டும் நம்பி உள்நுழைவை அமைக்கக் கூடாது என்கிறது. உள்நுழைவதே சிலருக்கு எவ்வளவு சிரமம் என்பது பக்கத்தில் உட்காரும் அந்த அரைமணி நேரத்தில் உங்களுக்கே விளங்கிவிடும்.

படி 3: கருவியைப் பற்றிக் கேட்காதீர்கள், வேலையைப் பற்றிக் கேளுங்கள்

முழுப் பயிற்சியிலும் முக்கியமான இடம் இதுதான். "உங்களுக்கு என்ன ஆப் வேண்டும்?" என்று கேட்டால், எல்லாரும் எங்கோ கேள்விப்பட்ட ஒரு பெயரைச் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, "போன வாரம் கணினியில் செய்ததில் எந்த வேலை ரொம்ப இழுத்தடித்தது? கொஞ்சம் காட்டுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு எடுத்துக்காட்டு. ஆசிரியர் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைக் கற்றல் மென்பொருளில் போடுகிறார். அதை எக்செல்லில் இறக்கி, அச்செடுத்து, துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்குகிறார். தாள் தேர்வுப் பிரிவுக்குப் போகிறது. அங்கே எழுத்தர் ஒருவர் அதே எண்களைத் தேர்வு மென்பொருளில் மறுபடி தட்டச்சு செய்கிறார். இன்னொருவர் உரக்கப் படித்துச் சரிபார்க்கிறார். இந்த நாலு பேரில் யாரும் "இரண்டு மென்பொருள்களுக்கும் இணைப்பு வேண்டும்" என்று கருத்துப் படிவத்தில் எழுத மாட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது பிரச்சினையே இல்லை, வேலை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர் கண்ணில்தான் படும்.

குழுவாகப் பேசினால் எட்டுப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். மேலதிகாரியையும் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவரையும் ஒரே அறையில் உட்கார வைக்காதீர்கள். ஒருவர் பேசுவார், மற்றவர் தலையாட்டுவார். குறிப்பெடுக்கும்போது அவர்கள் சொன்ன சொல்லையே எழுதுங்கள். "மதிப்பெண் போடும் வாரம் வந்தாலே தலைவலி" என்பதை 'செயல்திறன் குறைபாடு' என்று மாற்றிவிட்டால், பிறகு அது என்னவென்று உங்களுக்கே தெரியாது.

இணையக் கருத்துக்கணிப்பைக் கடைசியில் நடத்துங்கள். எதைக் கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்திருக்கும்.

படி 4: அட்டைகளைக் குவியுங்கள், பெயரைப் பிறகு வையுங்கள்

ஜப்பானிய மானுடவியலாளர் ஜிரோ கவாகிதாவின் கேஜே முறை இங்கே கைகொடுக்கும். ஒரு கருத்துக்கு ஓர் அட்டை. எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஒன்றோடொன்று சேருவதைச் சேர்த்து வையுங்கள். குவியல் உருவான பிறகுதான் அதற்குப் பெயர். 'கற்பித்தல், ஆய்வு, நிர்வாகம்' என்று பெட்டிகளை முன்கூட்டியே போட்டுவிட்டால், மேலே சொன்ன மதிப்பெண் கதை துண்டு துண்டாகப் பிய்ந்துபோகும். அட்டை பிரிக்க ஐடி ஆட்களை மட்டும் உட்கார வைக்காமல், ஒரு நூலகரையும் ஒரு மாணவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் குவியல் பெரிது என்று பார்த்து முன்னுரிமை கொடுக்காதீர்கள். வைஃபை புகார்தான் எப்போதும் உயரமாக நிற்கும். ஆய்வுத் தரவை எத்தனை வருடம், எங்கே பத்திரமாக வைப்பது என்று ஒரே ஒருவர்தான் கேட்டிருப்பார். இரண்டில் எது கனமானது என்பதை நீங்கள்தான் எடைபோட வேண்டும். சில புகார்களுக்குப் புதிதாக எதையும் வாங்கவே வேண்டாம். வருகை ஆய்வாளருக்கு இணையம் கிடைக்கவில்லையா? சொந்த நிறுவனத்தின் கணக்கை வைத்தே வேறு பல்கலைக்கழகத்தில் இணைய உதவும் எடுரோம் வசதியில் உங்கள் நிறுவனம் ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம். யாரும் சொல்லாமல் விட்டிருப்பார்கள்.

படி 5: எழுதுங்கள்

"உலகத்தரம் வாய்ந்த டிஜிட்டல் சூழலை உருவாக்குவோம்" என்ற வாக்கியத்தை யார் மறுக்கப் போகிறார்கள்? யாருமே மறுக்க முடியாத வாக்கியத்தில் முடிவு எதுவும் இல்லை என்று அர்த்தம். அடித்துவிடுங்கள். "ஒரு மதிப்பெண் ஒரே ஒரு முறைதான் உள்ளிடப்படும், மற்ற மென்பொருள்கள் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்" என்று எழுதிப் பாருங்கள். உடனே சண்டை வரும். நல்லது. ஒவ்வொரு இலக்குக்கும் பொறுப்பாளர், கெடு, பணம் எங்கிருந்து என்ற மூன்றும் இருக்கட்டும். எதை நிறுத்தப் போகிறோம் என்று ஒரு பக்கமாவது எழுதுங்கள். பெரும்பாலானோர் விட்டுவிடும் பக்கம் இது.

படி 6: வரைவைத் திருப்பிக் கொண்டுபோங்கள்

கருத்துச் சொன்ன எல்லாருக்கும் வரைவை அனுப்புங்கள். கூடவே ஒரு அட்டவணை: நீங்கள் சொன்னது, நாங்கள் செய்வது, செய்யவில்லை என்றால் ஏன். அந்த 'ஏன்' என்ற கடைசிப் பகுதியை நிரப்புவதுதான் கஷ்டம். "இந்த வருடம் பணம் இல்லை" என்பது போதுமான பதில், மௌனம் போதாது.

ஐந்து வருட ஆவணமாக இருந்தாலும் வருடம் ஒருமுறை திறந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தது. அதற்கு முந்தின மாதம் ஒப்புதல் வாங்கிய உத்திகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

அப்புறம், ஒப்புதலுக்காக ஆட்சிமன்றக் குழுவுக்குப் போகும் கோப்பில் அந்த அட்டவணையையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள். "ஆசிரியர்களைக் கேட்டீர்களா?" என்று அங்கே யாராவது கட்டாயம் கேட்பார்கள்.