பாலூ தம்பி எழுத்துருவில் பதாகை அமைக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கோ கோயில் அன்னதானத்திற்கோ பதாகை அமைப்பவர்களுக்கு, ஏக் டைப் குழு உருவாக்கிய பாலூ தம்பி என்னும் தடித்த, உருண்ட எழுத்துரு நன்கு பொருந்தும். தமிழும் மலாய்க்கு வேண்டிய ரோமன் எழுத்தும் ஒரே எழுத்துருவில் இருப்பதால் இருமொழிப் பதாகைக்கு வேறொன்றைத் தேட வேண்டியதில்லை. (இரங்கல் அறிவிப்புக்கு மட்டும் இந்தக் குதூகலம் ஆகாது.) 'பாலூ தம்பி 2' கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் 5 தடிமன்களில் இலவசமாகக் கிடைக்கிறது.

மிகத் தடித்த வடிவைத் தலைப்புக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அதில் ண, ஞ, இ ஆகியவற்றின் சுழிகளுக்குள் வெற்றிடம் குறைவு என்பதால், சிறிய அளவில் அவை அடைபட்டதுபோல் தோன்றும்; தேதிக்கும் இடத்திற்கும் மெல்லிய தடிமனே போதும். தலைப்பு இரண்டு வரியானால், மேல்வரியில் 'கூ', 'பு' போன்றவற்றின் கீழிறங்கும் கோடுகள் கீழ்வரியின் புள்ளிகளையும் 'கீ'யின் சுழியையும் முட்டாதவாறு வரி இடைவெளியைக் கண்ணால் பார்த்துக் கூட்டுங்கள். இடம் போதவில்லையென்றால் சொற்களைக் குறையுங்கள். எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கினால் உருண்டை வடிவமே கெட்டுவிடும்.

அச்சகத்திற்கு அனுப்புமுன் எழுத்துகளை வெளிக்கோடுகளாக (outlines), அதாவது எழுத்துருவின் தேவையில்லாத வரைவடிவங்களாக, மாற்றிவிடுங்கள். இல்லையெனில் அங்குள்ள மென்பொருளில் 'கொ'வின் கொம்பும் காலும் இடம்மாறிச் சிதறக்கூடும். மாற்றியபின் எழுத்துப்பிழையைத் தட்டச்சு செய்து திருத்த இயலாது என்பதால், மூலக் கோப்பைத் தனியே வைத்திருங்கள்.