எண்ணெயை நிறுத்தி, தண்ணீரை மட்டும் விடும் வலை: வீட்டிலேயே செய்யலாம்

எண்ணெயையும் தண்ணீரையும் பிரிக்கும் வலை என்றதும் தண்ணீர் ஒட்டாத டெஃப்ளான் பூச்சுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். 2004-இல் சீன விஞ்ஞானி லெய் ஜியாங்கின் குழு செய்தது அதுதான். எண்ணெய் இறங்கியது, தண்ணீர் மேலே நின்றது. ஆனால் நல்லெண்ணெயும் டீசலும் தண்ணீரில் மிதப்பவை. கலவையை ஊற்றினால் தண்ணீர் முந்திக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடும். எண்ணெய்க்கு வழியே கிடைக்காது.

அதனால் நாம் தலைகீழாகப் போவோம். 2011-இல் ஜியாங்கும் சேர்ந்த ஒரு குழு, தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் கூழை வலையில் பூசியது. ஈரமான மீன் செதிலில் எண்ணெய் ஒட்டாது அல்லவா, அதே சங்கதிதான். அவர்கள் பயன்படுத்தியது பாலிஅக்ரிலமைடு. நமக்கு சோடியம் ஆல்ஜினேட் போதும். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. மண்டபம் பக்கம் கட்டக்கோரை என்பார்களே, அந்த வகைப் பாசி. கேக் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

வேண்டியவை: உள்ளங்கை அளவு 200 மெஷ் எவர்சில்வர் வலை (துளை சுமார் 75 மைக்ரான்), ஆல்ஜினேட் 1 கிராம், கால்சியம் குளோரைடு 3 கிராம், ஒரு பிளாஸ்டிக் பாட்டில், ரப்பர் பேண்டு.

முதல் நாள் இரவு: 100 மில்லி ஆர்.ஓ. தண்ணீரைக் கலக்கிக்கொண்டே ஆல்ஜினேட்டைத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் ரவை உப்புமா மாதிரி கட்டி தட்டும். போர் தண்ணீர் வேண்டாம், அதிலிருக்கும் கால்சியமே கட்டியாக்கிவிடும். மூடி வையுங்கள், காலைக்குள் குமிழ்கள் போய்விடும்.

மறுநாள் வலையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கைரேகைப் பிசுக்கு இருந்தால்கூட அந்த இடத்தில் பூச்சு பிடிக்காது. கரைசலில் முக்கி எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளைகள் அடைபட்டிருந்தால் வாயால் ஊதித் திறக்க வேண்டும். முதல் தடவை நான் இதை விட்டுவிட்டேன். அரை மணி நேரம் காத்திருந்தும் சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை.

அப்புறம் 100 மில்லி தண்ணீரில் கால்சியம் குளோரைடைக் கரைத்து (லேசாகச் சூடாகும், பயப்பட வேண்டாம்) வலையைப் பத்து நிமிடம் அதில் போடுங்கள். கால்சியம், ஆல்ஜினேட்டின் இழைகளைப் பிணைத்து, வழவழப்பான மெல்லிய கூழாக்கிவிடும். எடுத்து அலசுங்கள். காய விடாதீர்கள்! ஈரம்தான் இங்கே வேலை செய்கிறது. காய்ந்த வலையில் எண்ணெய் முதலில் பட்டால் அது தாராளமாக இறங்கிவிடும்.

பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு, வாயில் வலையை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டித் தலைகீழாகப் பிடியுங்கள். நீல மை கலந்த தண்ணீரும், மிளகாய்த்தூள் காய்ச்சி வடிகட்டி ஆறவைத்த எண்ணெயும் கலந்து மெதுவாக ஊற்றுங்கள். நீலம் இறங்கும், சிவப்பு மேலே தங்கும். எண்ணெயை உயரமாக நிரப்பினால் அதன் எடையே அதை வலை வழியாகத் தள்ளிவிடும். இரண்டு மூன்று விரல் உயரத்தோடு நிறுத்துங்கள்.

சோப்பு கலந்து பால்போல் ஆன கலவை இதில் பிரியாது. அதிலுள்ள எண்ணெய்த் துளிகள் துளையைவிடச் சிறியவை. கடல் நீருக்கும் இது சரிப்படாது, சோடியம் கால்சியத்தை வெளியேற்றிக் கூழைத் தளர்த்திவிடும். எடுத்து வைப்பதென்றால் மிச்சமிருக்கும் கால்சியம் குளோரைடு தண்ணீரிலேயே முக்கி வையுங்கள்.