சேற்றில் கிடந்தவன் யார்? உலக இலக்கியம் படிக்கையில் நாம் செய்யும் தவறுகள்

யாங்கோனில் ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு தமிழ்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து உலக இலக்கியம் படிக்கிறேன். வீட்டில் தமிழ், பள்ளியில் பர்மியம், பரீட்சைக்கு ஆங்கிலம் என்று மூன்று மொழியில் யோசிக்கிற பிள்ளைகள், கெட்டிக்காரர்கள்தான், ஆனாலும் பெரியவர்கள் தடுக்கி விழுகிற அதே இடங்களில்தான் அவர்களும் விழுகிறார்கள்.

முதல் தவறு, மையக்கருத்தை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நோட்டை மூடுவது.

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1936-ல் எழுதிய 'யானையைச் சுடுதல்' (Shooting an Elephant) என்ற கட்டுரையை எடுத்துக்கொள்வோம். 1922 முதல் 1927 வரை அவர் பர்மாவில் போலீஸ் அதிகாரி. கட்டுரை நடப்பது நம் மோல்மீனில், இன்றைய மௌலமியாயினில். மதம் பிடித்த யானை ஒன்று சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி ஒருவனைக் கொன்றுவிடுகிறது. அதிகாரி துப்பாக்கியோடு போய்ச் சேரும்போது மதம் அடங்கி அமைதியாக நிற்கிறது. பின்னால் இரண்டாயிரம் பேருக்கு மேல் கூட்டம். சுடாமல் திரும்பினால் சிரிப்பார்களே என்ற ஒரே காரணத்துக்காகச் சுடுகிறான். மையக்கருத்து என்னவென்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் 'ஏகாதிபத்தியம்' என்று எழுதுவார்கள். தப்பில்லை, ஆனால் அது பானையின் மூடி மட்டும்தான்.

யானை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. புல்லைக் கொத்தாகப் பிடுங்கி, முழங்காலில் தட்டி மண்ணை உதறி, வாயில் வைத்துக்கொண்டிருந்தது. வேறெதையும் கவனிக்காமல் தன் காரியத்திலேயே மூழ்கியிருக்கும் ஒரு பாட்டியைப் போல இருந்தது என்று அவரே எழுதுகிறார். இதைப் பார்க்கிறவன், சுடத் தேவையில்லை என்று தெரிந்தவன், அப்புறமும் சுடுகிறான். யானை சாக அரை மணி நேரம் ஆகிறது. அதைப் பார்க்க முடியாமல் அவன் போய்விடுகிறான். அந்தப் புல்லைத் தவறவிட்டவர்கள் 'ஏகாதிபத்தியம்' என்று நூறு தடவை எழுதினாலும் கட்டுரையைப் படித்தவர்கள் ஆகமாட்டார்கள்.

சரி, யானை கொன்றது யாரை? இந்த இடத்தில் ஒரு பையன் நிறுத்தி, "சயாமா, இது நம்ம ஆளா?" என்று கேட்டான். (இங்கே டீச்சரைத் தமிழ்ப் பிள்ளைகளும் சயாமா என்றுதான் கூப்பிடும்.) சேற்றில் கைகளை விரித்துக் கிடந்தவனை, முயலை உரித்ததுபோல முதுகுத் தோல் உரிந்து கிடந்தவனை, கறுத்த திராவிடக் கூலி என்று கட்டுரை சொல்கிறது. கடைசியில் வெள்ளைக்கார இளைஞர்கள், ஒரு கொரிங்கிக் கூலிக்காக யானையைச் சுடுவதா, யானைதான் மதிப்பு அதிகம் என்று பேசிக்கொள்கிறார்கள். ஆந்திரக் கரையின் கோரங்கித் துறைமுகத்திலிருந்து கப்பலேறி வந்த தெலுங்கர்களுக்கு இங்கே வைத்த பெயர் அது. சுட்டவனோ, அந்தக் கூலி செத்தது நல்லதாகப் போயிற்று, சட்டம் தன் பக்கம் நின்றது என்கிறான். பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. இப்படி எழுதினவரை நாம் ஏன் படிக்க வேண்டும் என்றான்.

கோபம் நியாயமானது. எனக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த வரியில் வயிறு கலங்கும். ஆனால் கதைசொல்லியின் வாயில் வருவதையெல்லாம் எழுதியவரின் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்வதுதான் இரண்டாவது தவறு. அந்த வரியை அங்கே வைத்தது யார்? மறைத்திருக்கலாம், தன்னை நல்லவனாகக் காட்டியிருக்கலாம். அந்த அதிகாரம் தன்னை என்னவாக ஆக்கிவைத்திருந்தது என்று காட்டத்தான் தன் அசிங்கத்தைக் கடைசிப் பத்தியில் திறந்து வைக்கிறார்.

இதைச் சொன்னவுடனே பிள்ளைகள் நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவார்கள். ஆசிரியர் வேண்டுமென்றேதான் அப்படி எழுதினார், ஆகவே எல்லாம் சரி என்று முடித்துவிடுவார்கள். அதுவும் தவறுதான். செத்தவனுக்கு அந்தக் கட்டுரையில் பெயர் இல்லை, ஒரு சொல் பேச்சில்லை, வீடு வாசல் பற்றி எதுவும் இல்லை. யானைக்குக் கிடைத்த அரை மணி நேரம்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை. ஆர்வெல் தன்னை அம்பலப்படுத்தியதும் உண்மை, அவனைச் சரியாகப் பார்க்காமல் போனதும் உண்மை, இரண்டையும் சேர்த்து எழுதுங்கள் என்று சொல்கிறேன்.

அவருடைய 'பர்மிய நாட்கள்' நாவலிலும் (1934) இதே குழப்பம்தான். நாயகன் ஃப்ளோரிதான் ஆர்வெல் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். ஃப்ளோரி முப்பத்தைந்து வயது மர வியாபாரி, இடது கன்னத்தில் பெரிய மச்சம் உள்ளவன். ஆர்வெல் பர்மாவுக்கு வந்தபோது வயது பத்தொன்பது. நல்லவன், கெட்டவன் என்று ஆளைப் பிரிக்கவும் இந்த நாவலில் முடியாது. வெள்ளைக்காரன் ஃப்ளோரி ஆங்கில ஆட்சியைத் திட்டுவான். வீராசாமி என்ற தென்னிந்தியப் பெயர் கொண்ட டாக்டர் அதற்கு வக்காலத்து வாங்குவார். நம் பெயர் உள்ளவர் என்பதால் அவரை வீரராக்கவும் வேண்டாம், அடிமை என்று ஒதுக்கவும் வேண்டாம். வெள்ளைக்காரர்களின் ஊர் கிளப்பில் உறுப்பினரானால்தான் தன்மேல் விழும் பழியிலிருந்து தப்பலாம் என்று தவிக்கிற மனிதர் அவர். அந்தத் தவிப்பை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத எதுவுமே இல்லை. அவரைக் கவிழ்க்கப் பார்க்கும் பர்மிய மாஜிஸ்திரேட் ஊ போ சின், செய்த பாவத்தையெல்லாம் கடைசிக் காலத்தில் பகோடா (புத்தக் கோயில்) கட்டிக் கழுவிவிடலாம் என்று கணக்குப் போட்டு, ஒன்றுகூடக் கட்டாமல் செத்துப்போகிறார். புண்ணியக் கணக்கு தெரிந்த இந்த ஊரில் அது எவ்வளவு பெரிய தண்டனை என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

படம் பார்த்துவிட்டுப் புத்தகம் படித்ததாக நினைப்பது இன்னொன்று. ஃபிராங்கென்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயர் இல்லை, அதை உண்டாக்கிய மாணவனின் பெயர். 1931-ல் வந்த படத்தில் ஊமையாக உறுமுகிற அந்த உயிர், 1818-ல் வந்த மேரி ஷெல்லியின் நாவலில் ஒரு குடும்பத்தைச் சுவர் இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்தே பேசக் கற்று, மில்டனின் 'இழந்த சொர்க்கம்' காவியத்தைப் படித்து, தன்னை ஏன் உண்டாக்கினாய் என்று வாதாடும். அந்த வாதம்தான் நாவலின் உயிர்.

மொழிபெயர்ப்பில் படிப்பவர்கள் முன்பக்கத்தில் 'சுருக்கம்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சுருக்கத்தில் முதலில் வெட்டப்படுவது அந்தப் புல் மாதிரி விஷயங்கள்தான்.

அப்புறம் ரஷ்யப் பெயர்கள். தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலை ஆறாம் பக்கத்தில் மூடிவைத்தவர்கள் எத்தனையோ பேர். ரோதியோன் ரொமானோவிச் என்கிறார்கள், ரஸ்கோல்னிகோவ் என்கிறார்கள், ரோத்யா என்கிறார்கள், மூன்று பேரா என்று குழப்பம். மூன்றும் நாயகன் ஒருவனுடைய பெயர்தான். நமக்கு இது கஷ்டமாகவே இருக்கக் கூடாது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பர்மியப் பெயர்! யார் எந்தப் பெயரில் கூப்பிடுகிறார்கள் என்பதை வைத்தே யார் எவ்வளவு நெருக்கம் என்று நமக்குத் தெரியும்தானே. ஒரு தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்து, ஒருவருக்கு எத்தனை பெயர், யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். முதல் பாகத்திலேயே அவன் அம்மாவிடமிருந்து ஒரு நீண்ட கடிதம் வரும், அன்புள்ள ரோத்யா என்று தொடங்கும், அந்த இடத்தில் தாளைப் பிரித்துப் பார்க்கத் தேவையிருக்காது.