கடலோரத்தில் கூடாரமிட்டு அக்கம்பக்கத்து ஊர்களுக்கு நடந்து வருவது எப்படி

மூன்று நாள் விடுப்பு கிடைத்தால், கூடாரத்தைத் தினமும் பிரித்துச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போவதைவிட, ஒரே இடத்தில் கட்டிவிட்டு, அங்கிருந்து ஒரு நாள் கரையின் இடப்பக்கத்து ஊருக்கும் மறுநாள் வலப்பக்கத்து ஊருக்கும் நடந்து திரும்புவதையே நான் பரிந்துரைப்பேன். பெருஞ்சுமை கூடாரத்திலேயே இருந்துவிடும். தண்ணீர், மழைச்சட்டை, கைவிளக்கு, சிறிது உணவு ஆகியவை மட்டும் முதுகில் இருந்தால் போதும்.

ஊர்களைத் தேர்ந்தெடுக்கும்போது வரைபடத்தில் தெரியும் தூரத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. கெட்டியான பாதையில் மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர் நடப்பவருக்கும் உலர்ந்த மணல் பெரும் சோதனைதான். அதே வேகத்தில் மணலில் நடக்க, கெட்டித் தரையில் செலவாவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான ஆற்றல் தேவைப்படுகிறது என்று 1998இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. ஆகவே ஒரு வழிக்கு 8 கிலோமீட்டருக்கு மேற்படாத ஊராகப் பார்த்துக்கொள்வதும், கடல் வற்றியபின் ஈரத்தோடு இறுகிக் கிடக்கும் மணலில் நடப்பதும் நல்லது.

அந்த இறுகிய மணல் எப்போது கிடைக்கும் என்பதைக் கடல்தான் முடிவு செய்கிறது. பயணத் திட்டம் முழுவதும் இதைச் சுற்றியே அமைய வேண்டும். பெரும்பாலான கரைகளில் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆவதால், இன்று காலை 9 மணிக்கு வற்றிக் கிடக்கும் கடல் நாளை 9.50 அளவில்தான் அந்த நிலைக்கு வரும். ஏறும் வேகமும் ஒரே சீராக இருப்பதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தில் ஏறத்தாழ பாதி உயரம் நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்திலேயே வந்துவிடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதியாக இருக்கும்.

வழியில் பாறைமுனை ஏதேனும் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தால், நீர் இன்னும் வற்றிக்கொண்டிருக்கும்போதே, அதாவது கடல் முழுதும் வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக, அதைக் கடந்துவிடுங்கள். ஊரில் அரை மணி நேரம் கூடுதலாகத் தங்கிவிட்டு அத்தகைய முனை ஒன்றுக்குத் திரும்பி வந்தபோது, காலையில் உலர்ந்த காலணியோடு நான் தாண்டிய இடத்தில் முழங்காலளவு நீர் பாறையில் மோதிக்கொண்டிருந்தது. நான் ஊருக்கே திரும்பி, மேட்டுப் பாதையைப் பிடித்து, இருட்டிய பிறகே கூடாரத்தை அடைந்தேன். திரும்பும் வழி எப்போதும் மேட்டுப் பாதையாகவோ பேருந்தாகவோ இருக்கும்படி முன்பே திட்டமிடுவது அன்றிலிருந்து என் வழக்கம். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை ஊருக்குள் நுழைந்தவுடன் கேட்டுவிடுவேன்.

கூடாரம் போட அனுமதியுள்ள இடத்தையே தேடுங்கள். கரையில் உலர்ந்த கடற்பாசியும் சுள்ளியும் ஒரு கோடாக ஒதுங்கிக் கிடப்பதைக் காணலாம். அண்மையில் நீர் ஏறிய எல்லை அது. அதற்கும் மேலே வெளுத்துப்போன பழைய கோடு ஒன்று இருந்தால், அதையும் தாண்டியே கூடாரம் அமைய வேண்டும். மணல்மேட்டில் வளர்ந்திருக்கும் புல்லையும் கொடியையும் மிதிக்காதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பவை அவைதாம். கூடாரக் கயிற்றைக் கட்ட அடிக்கும் மெல்லிய முளைகள் மணலில் நிற்க மாட்டா. சிறு துணிப்பையில் மணலை நிரப்பி, அதன் நடுவே கூடாரக் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழிதோண்டிப் புதைத்து மேலே நன்றாக மிதித்துவிட்டால், பலத்த காற்றிலும் அது எளிதில் அசையாது. தெளிந்த வானிலையில் பகலில் கடலிலிருந்தும் இரவில் நிலத்திலிருந்தும் காற்று வீசுவதால், வாசலை இரண்டுக்கும் பக்கவாட்டில் வையுங்கள். மழையோ காற்றோ எதுவாயினும் கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, உறங்குபவருக்கு எச்சரிக்கையும் கிடைக்காது.

தொப்பி மட்டும் வெயிலுக்குப் போதாது. உலர்ந்த கடல்மணல் புறஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், கடல்நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புவதால், முகவாயின் அடிப்பகுதியும் கழுத்தும்கூடக் கருகும். அங்கும் களிம்பு பூசுங்கள். நடையின்போது மணிக்கொரு முறை காலணியைக் கழற்றி மணலை உதறிவிட்டால் கொப்புளம் வருவது பெரிதும் குறையும்.

வீடு திரும்பிய அன்றே, கூடாரத்தின் ஜிப்புகளையும் கம்புகளின் இணைப்புகளையும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் விரித்து முழுதும் உலர்த்திய பிறகே மடித்து வையுங்கள். உப்பு படிந்த ஜிப் சில வாரங்களில் பச்சை பூத்து இறுகிவிடும். அதன்பின் இழுத்தால் பல் உடையுமே தவிர, ஜிப் நகராது.