ஜெட் போர்விமான மாடல்: பிழை நடப்பது ஓரிடம், தெரிவது வேறிடம்

ப்ரைமர் (அடிப்பூச்சு), பெயின்ட், டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) எல்லாம் முடிந்து கடைசி மேட் கோட்டும் (பளபளப்பில்லாத மேல்பூச்சு) காய்ந்த பிறகு, பிளாஸ்டிக் மாடல் விமானத்தின் முதுகில் மூக்கிலிருந்து வால் வரை மெல்லிய பள்ளம் ஒன்று ஓடுவது தெரியும். பழி பெயின்ட் மேல் விழும். உண்மையில் அந்தப் பள்ளம், பசை முழுதாகக் காய்வதற்குள் உப்புத்தாள் போட்ட அன்றே உருவானது. ஜெட் கிட்டில் (ஒட்டிச் சேர்க்கும் பாகங்களின் பெட்டி) வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். அதனால் ஒவ்வொரு தவறையும் அது கண்ணில் படும் கட்டத்தில் அல்ல, நடக்கும் கட்டத்தில் வைத்தே இங்கே சொல்கிறோம். அளவு குறிப்பிடாத இடங்களில் 1/48 (நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு) கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த விமானம் என்று முடிவு செய்யாமல் தொடங்குவது

ஒரே பெட்டியில் மூன்று நான்கு விமானங்களுக்கான டெக்கால் இருக்கும். கடைசியில் பிடித்ததை ஒட்டிக்கொள்ளலாம் என்று பலர் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். எஃப்-16 கட்டும்போது இது காலை வாரிவிடும். பிளாக் (தயாரிப்பு வரிசை) 30, 40, 50 என்று பூஜ்யத்தில் முடிபவற்றில் இருப்பது ஜெனரல் எலெக்ட்ரிக் எஞ்சின்; 32, 42, 52 என்று முடிபவற்றில் பிராட் அண்ட் விட்னி. எஞ்சின் மாறினால் நாசில் (பின்னால் புகை வெளியேறும் குழாய்வாய்) மாறும். ஜெனரல் எலெக்ட்ரிக் எஞ்சினுக்குக் காற்று அதிகம் வேண்டும் என்பதால், தொடக்ககால பிளாக் 30 விமானங்கள் சிலவற்றைத் தவிர, இன்டேக் (காற்று உள்ளே போகும் வழி) வாயும் அகலமாக இருக்கும். பல கிட்களில் இரண்டு வகையும் வரும். குறுகிய வாயை ஒட்டிவிட்டு பிளாக் 50 டெக்கால் போட்டால், விஷயம் தெரிந்தவர் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்.

ஆயுதங்களையும் இப்போதே தீர்மானியுங்கள். இறக்கையின் கீழ்ப்பாதியில், உள்பக்கம் மட்டும் பாதி ஆழத்துக்குக் குழிகள் இருக்கும். எந்த பைலான் (ஆயுதம் தொங்கும் தாங்கி) வருகிறதோ அதற்கான குழியை மட்டும், இறக்கையை ஒட்டி மூடுவதற்கு முன் 1 மி.மீ. துளைக்கருவியால் உள்ளிருந்து திறக்க வேண்டும். மூடிய பிறகு வெளியிலிருந்து அளந்து துளைப்பது தலைவலி. பெட்டியில் வந்திருக்கிறது என்பதற்காக எல்லா ஏவுகணையையும் தொங்கவிட வேண்டியதில்லை. நிஜத்தில் எந்த விமானமும் அப்படிப் பறப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட விமானத்தின் படத்தைப் பார்த்து அதில் இருப்பதை மட்டும் மாட்டுங்கள்.

வெட்டுதல், பசை

ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) பாகத்தை ஒரே வெட்டில், அதன் உடம்போடு ஒட்டி எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் அழுத்தத்தில் வெளுக்கும். சில சமயம் ஒரு சில்லு பாகத்தோடு பெயர்ந்து வரும். முதலில் 2 மி.மீ. தள்ளி வெட்டுங்கள், பிறகு நெருக்கமாக வெட்டி, மிச்சத்தைப் புதிய பிளேடால் சீவுங்கள். பிடோ குழாய் (வேகம் அளக்கும் குழாய்), ஆன்டெனா போன்ற மெல்லிய பாகங்களுக்கு ஸ்ப்ரூவின் சட்டத்தை இருபுறமும் முதலில் அறுத்து இறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் முறியாது. அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய்ப் பசை பாகங்களில் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைப்பது நல்லது.

மெல்லிய சிமென்ட் (பிளாஸ்டிக் பசை) பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்கும். இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்து, இணைப்புக் கோட்டில் தூரிகையைத் தொட்டால் போதும், அது தானாக உள்ளே ஓடும். அங்கே விரலோ மாஸ்கிங் டேப்போ இருந்தால் அதற்கு அடியிலும் ஓடும். கைரேகை பிளாஸ்டிக்கில் பதிந்துவிடும். டேப்பை இணைப்பின் குறுக்கே இடைவெளி விட்டு ஒட்டி, அந்த இடைவெளியில் மட்டும் சிமென்டைத் தொடுங்கள்.

இனி முதுகுப் பள்ளத்துக்கு வருவோம். சிமென்ட் பட்ட இடம் ஒரு மணி நேரத்தில் கெட்டியானது போலத் தோன்றினாலும், உள்ளே கரைப்பான் மிச்சம் இருக்கும். வெளிவந்த பிதுக்கத்தை அப்போதே தேய்த்துச் சமமாக்கினால், மீதிக் கரைப்பான் ஆவியாகும்போது அந்த இடம் மட்டும் சுருங்கி இறங்கும். மெல்லிய சிமென்டுக்குக் குறைந்தது 24 மணி நேரமும், கெட்டி சிமென்டுக்கு 2, 3 நாளும் கொடுங்கள். டியூபில் வரும், இடைவெளி நிரப்பும் புட்டிக்கும் இதே சுபாவம்: ஒரே பூச்சில் நிரப்பாமல் மெல்லிசாக இரண்டு முறை பூசி, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் விடுங்கள். சுருங்காதது வேண்டுமென்றால் சூப்பர் குளூ இருக்கிறது. ஆனால் அது நாள்பட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, தேய்க்கும்போது அக்கம்பக்கத்துப் பிளாஸ்டிக் குழிந்து அது மேடாக நிற்கும். போட்ட ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்து முடித்துவிடுங்கள். 400-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 600, 1000 என்று ஏறி, ஒரு மெல்லிய ப்ரைமர் அடித்துச் சரிபாருங்கள். தேய்ந்து மறைந்த பேனல் லைனை (தகடுகள் சேரும் கோட்டுப் பள்ளம்) அப்போதே கெட்டியான டேப்பை வழிகாட்டியாக வைத்துக் கீறி மீட்க வேண்டும். பெயின்டுக்கு மேல் கீறினால் ஓரம் பிய்ந்துவிடும்.

மூடும் முன் பார்க்காமல் விடுபவை

மூக்கு எடை. மூன்று சக்கர ஜெட்களில் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் பிளாஸ்டிக் அதிகம். எடை வைக்காவிட்டால் விமானம் வாலில் உட்காரும். வழிமுறைத்தாளில் ஒரு கிராம் கணக்கு இருந்தாலும் அதை நம்பி நிற்காதீர்கள், ரெசின் நாசில் ஒன்றை மாற்றினாலே அது பொய்யாகிவிடும். உடல், இறக்கை, வால், நாசில் எல்லாவற்றையும் டேப்பால் பொருத்தி, பிரதான சக்கரம் வரும் இடத்தில் இரண்டு விரல்களில் தாங்கிப் பிடியுங்கள். மூக்கில் ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போய், மூக்கு சாய்ந்ததும் இன்னும் ஒன்றிரண்டு சேருங்கள். எவ்வளவு முன்னால் வைக்கிறோமோ அவ்வளவு குறைவாகத் தேவைப்படும். ஈயத்தை வெள்ளைப் பசையில் ஒட்டவே கூடாது. காலப்போக்கில் ஈயம் அந்தப் பசையோடு வினைபுரிந்து வீங்கும். சில வருடம் கழித்து அலமாரியில் நிற்கும் மாடலின் மூக்கு தானாக விரியும். எப்பாக்ஸி போடுங்கள்.

இன்டேக் குழாய் ஜெட்டுக்கே உரிய தொல்லை. இரண்டு பாதியாக வரும், நடுவில் இணைப்புக் கோடு, உள்ளே வட்ட வட்டமாக அச்சு ஊசித் தழும்புகள். மூடிய பிறகு கை போகாது. தழும்பை முன்னமே நிரப்பித் தேய்த்துவிடுங்கள். இணைப்புக் கோட்டை ஒட்டிய பின், குச்சியில் சுற்றிய உப்புத்தாளால் தேய்க்கலாம். ஏர்பிரஷால் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தெளிக்கும் கருவி) ஆழமான குழாய்க்குள் அடித்தால் காற்று திரும்பி வந்து பெயின்ட் பொடியாக ஒட்டும். அதற்குப் பதில் ஒரு முனையை அடைத்து, பால்போல் கலக்கிய வெள்ளை பெயின்டை உள்ளே ஊற்றிச் சுழற்றி, கவிழ்த்து வடியவிடுங்கள். இரண்டு மூன்று முறையில் வழுவழுப்பான வெள்ளை கிடைக்கும், இணைப்புக் கோடும் பெருமளவு மறையும். பல அமெரிக்க ஜெட்களில் வாயின் ஓரத்தில் உடலின் சாம்பல் நிறம் கொஞ்ச தூரம் உள்ளே போய், அதன் பிறகே வெள்ளை தொடங்கும். முழுக்க வெள்ளையாக விடுவது சர்வசாதாரணமான தவறு.

காக்பிட்டில் ஒன்றே ஒன்று: ஒட்டும் பரப்பில் பெயின்ட் இருக்கக் கூடாது. சிமென்ட் பெயின்டைத்தான் கரைக்கும், பிளாஸ்டிக்கைப் பிடிக்காது. ப்ரைமரும் இரண்டு கோட்டும் சேர்ந்தால் தடிமன் ஏறி, உடலின் இரு பாதியும் கால் மி.மீ. விரிந்து நிற்கும்; அந்த விரிசல் மூக்கின் அடியில் போய்த் தெரியும். இருக்கையை வைத்து கேனபி (விமானியின் மேல் மூடும் கண்ணாடி) மூடுகிறதா என்றும் பார்த்துவிட்டு, இருக்கையை எடுத்துத் தனியே வையுங்கள்.

கோணம் இன்னொரு கண்ணி. எஃப்-4 ஃபேன்டமில் இறக்கையின் வெளிப்பகுதி 12 டிகிரி மேல்நோக்கியும், பின் கிடைவால் 23 டிகிரி கீழ்நோக்கியும் இருக்கும். ஒரு பக்கம் சற்று மாறினாலும் முன்னாலிருந்து பார்க்கும்போது நொண்டியாகத் தெரியும். அட்டையில் கோணத்தை வெட்டி, பசை காயும்வரை முட்டுக் கொடுங்கள்.

கேனபி

எஃப்-16, சு-27 போன்றவற்றின் குமிழ்க் கேனபி, அடியில் குறுகி மேலே உப்பியிருப்பதால், அச்சு நடுவில் பிரிந்தாக வேண்டும். அதனால் பல கிட்களில் கேனபியின் உச்சியில் ஒரு கோடு ஓடும். நிஜ விமானத்தில் அது கிடையாது. அதைத் தொடப் பயந்து பலரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை: பிளேடின் முதுகால் மெதுவாகச் சுரண்டி, 2000, 3000, 4000, 6000, 8000 என்று வரிசையாக, ஈரத்தோடு தேய்த்து, பாலிஷ் பேஸ்டில் முடித்தால் கண்ணாடி திரும்பும். ஒரு படியைத் தாண்டினால் அதற்கு முந்தைய கீறல் கடைசிவரை போகாது.

கேனபிக்கு சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படியும், மூடிய காக்பிட்டுக்குள் என்றால் துடைக்கவும் வழியில்லை. வெள்ளைப் பசை போதும். சட்டத்துக்கு முதலில் காக்பிட்டின் உள்நிறம், அதன் மேல் வெளிநிறம் அடியுங்கள். இல்லாவிட்டால் உள்ளிருந்து பார்க்கும்போது வெளி நிறம் தெரியும்.

பெயின்ட்: கலவையும் வேதியியலும்

ஏர்பிரஷில் 0.3 மி.மீ. நாசில், 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தம், பால் பதத்தில் கலவை. ஆல்கஹால் சார்ந்த அக்ரிலிக்குக்கு ஒன்றுக்கு ஒன்று, லேக்கருக்கு ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு தின்னர் என்று தொடங்கி, பழைய பிளாஸ்டிக் துண்டில் அடித்துப் பாருங்கள். பரப்பு உப்புத்தாள் போல் சொரசொரத்தால் பெயின்ட் வழியிலேயே காய்ந்துவிட்டது என்று அர்த்தம்: தூரத்தைக் குறையுங்கள், தின்னரைக் கூட்டுங்கள். சிலந்திக் கால்போல் ஓடினால் கலவை நீர்த்துவிட்டது, அல்லது மிக நெருங்கி நிற்கிறீர்கள். லேக்கர் அடிக்கும்போது சாதாரணத் தூசி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி உள்ள மாஸ்க்கும், காற்றை வெளியே தள்ளும் விசிறியும் வேண்டும்.

எதன் மேல் எது என்பதில் விளையாடக் கூடாது. லேக்கர், அதன் மேல் அக்ரிலிக், அதன் மேல் எனாமல் என்பது பாதுகாப்பான வரிசை. நீர் சார்ந்த அக்ரிலிக்கின் மேல் ஈரமாக லேக்கர் அடித்தால் அடிக்கோட் சுருங்கி வெடிக்கலாம்.

எஃப்-16-இன் பரிச்சயமான திட்டத்தில் மேலே எஃப்.எஸ். (அமெரிக்க அரசின் நிற எண்) 36118, மூக்கிலும் வாலிலும் 36270, அடியில் 36375. பின்னிரண்டுக்கும் வித்தியாசம் குறைவு. வாஷும் (கோடுகளில் ஓடவிடும் நீர்த்த பெயின்ட்) மேட் கோட்டும் விழுந்த பிறகு இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும் என்பதால், 36375-இல் சில துளி வெள்ளை சேர்த்து ஆரம்பத்திலேயே இடைவெளி காட்டுங்கள். நிறங்கள் சந்திக்கும் இடத்தில் டேப்பை அழுத்தி ஒட்டினால் கத்தியால் வெட்டியது போல் விளிம்பு நிற்கும். நிஜத்தில் அது இலேசாக மங்கிச் சேரும். ஒட்டும் களிமண்ணை 3 மி.மீ. தடிமனில் உருட்டிக் கோட்டில் வைத்து, அதற்கு நேர் செங்குத்தாக அடியுங்கள். சாய்த்து அடித்தால் களிமண்ணுக்கு அடியில் பெயின்ட் புகும்.

நாசிலுக்கு உலோகப் பெயின்ட் என்றால் அடியில் பளபளப்பான கறுப்பு. மேட் ப்ரைமர் மேல் அடித்த அலுமினியம் வெறும் சாம்பலாகத்தான் நிற்கும்.

டெக்கால் வெள்ளியடிப்பது

டெக்காலைச் சுற்றி வெள்ளி நிறத்தில் படலம் தெரிவது, மேட் பரப்பின் குண்டு குழிகளில் காற்று மாட்டிக்கொண்டதால். டெக்கால் கரைசலை எவ்வளவு ஊற்றினாலும் தீராது. டெக்காலுக்கு முன் கிளாஸ் கோட் (பளபளப்பான பூச்சு) அடித்து ஒரு நாள் விட்டால் இந்தப் பிரச்சினையே வராது. டெக்காலைத் தண்ணீரில் 10, 15 விநாடி நனைத்து வெளியே எடுத்து வையுங்கள். தண்ணீரிலேயே நழுவி வரும்வரை விட்டால் பசை கரைந்துபோகும். அடியில் மைக்ரோ செட் (டெக்கால் ஒட்ட உதவும் கரைசல்), படிந்த பிறகு மேலே மைக்ரோ சால் (டெக்காலை இளக்கும் கரைசல்). இரண்டாவது கரைசல் பட்டதும் டெக்கால் சுருங்கிக் கோணலாகும். அந்த நேரத்தில் பதறிப்போய் விரலால் நீவினால் கிழியும். விட்டுவிடுங்கள், காயும்போது தானாக இழுபட்டுப் பேனல் லைனுக்குள் இறங்கும். மிச்சக் குமிழி இருந்தால் ஊசியால் குத்தி இன்னொரு சொட்டு.

அழுக்கு, மேட் கோட், கடைசிப் பாகங்கள்

வெளிர்சாம்பல் ஜெட்டில் கறுப்பு வாஷ் போட்டால் கட்டம் போட்ட நோட்டுப்புத்தகம் போலாகிவிடும். உடல் நிறத்தைவிட இரண்டு படி அடர்ந்த சாம்பலோ பழுப்போ போதும். காற்று ஓடும் திசையில், முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். எனாமல் வாஷை வெறும் பிளாஸ்டிக்கில் தாராளமாக ஊற்றாதீர்கள்: இறுக்கத்தில் ஒட்டிய சக்கரக் கால்களும் இறக்கை மூலையும் பட்டென்று வெடிக்கும். அழுக்கின் அளவும் இடத்துக்கு இடம் மாறும். விமானந்தாங்கிக் கப்பலில் உப்புக் காற்றில் நிற்கும் ஜெட்டில் துரு தடுக்க அங்கங்கே ஒட்டுப்போட்ட பெயின்ட் தெரியும். தரைத்தளத்து ஜெட் பெரும்பாலும் அதைவிடச் சுத்தம்.

மேட் கோட் வெளுத்துப்போவதற்கு இரண்டு காரணம். ஈரப்பதம் மிகுந்த நாளில் லேக்கர் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிரவைக்க, அதில் நீர் படியும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்த தின்னரை மெல்லிசாக அடித்தால் பெரும்பாலும் தெளியும். இன்னொன்று, பாட்டிலின் அடியில் தங்கிய மேட் பொடியைக் கலக்காமல் ஊற்றியது. அதற்கு ஒரு கிளாஸ் கோட் அடித்துவிட்டு மறுபடி மேட் அடிக்க வேண்டும்.

சக்கரக் கதவு, பிடோ குழாய், ஆன்டெனா, இருக்கை எல்லாம் இதற்குப் பிறகுதான். அமெரிக்கக் கடற்படை ஜெட்களில் சக்கரக் கதவின் விளிம்பு சிவப்பாக இருக்கும். பெயின்டில் நனைத்த தூரிகையின் பக்கவாட்டை விளிம்பில் இழுத்தால் டேப் தேவைப்படாது. கேனபி திறந்து ஏணி தொங்கும் எஃப்/ஏ-18-க்கு ஃபிளாப்பை (இறக்கை விளிம்பில் அசையும் தகடு) மேலே மடித்து ஒட்டாதீர்கள். எஞ்சின் நின்று ஹைட்ராலிக் அழுத்தம் இறங்கினால் அவை பெரும்பாலும் தொங்கித்தான் இருக்கும். ஏவுகணைகளைப் பைலானில் மாட்டும்போது துடுப்புகள் முன்னாலிருந்து பார்க்க எக்ஸ் வடிவத்தில் நிற்கின்றனவா என்று படத்தோடு ஒப்பிட்டு, எல்லாம் ஒரே திசையில் இருக்கும்படி சரிசெய்த பிறகே பசையைத் தொடுங்கள்.