காடு காய்ந்திருக்கும் மாதங்களில் கொடைக்கானல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசி பிறந்ததும் கீழே வெயில் ஏறத் தொடங்கும். வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் வண்டிகளின் வரிசையும் அப்போதே நீளும். மேலே 7,000 அடியில் காற்று குளிர்ச்சியாக இருக்கும், காட்டுப்பூவரசு சிவப்பாகப் பூத்திருக்கும், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். வருகிறவர்கள் மலை செழிப்பாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் பழனி மலைத்தொடர் காய்ந்து கிடப்பது இந்த மாதங்களில்தான். மார்கழி, தை உறைபனியில் புல் கருகிப்போயிருக்கும். அதன் பிறகு கோடை மழை இறங்கும்வரை சொல்லிக்கொள்ளும்படி மழை இருக்காது. ஓடைகள் மெலிந்துவிடும், விலங்குகள் தண்ணீரைத் தேடி இடம் மாறிக்கொண்டிருக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் நாமும் கூட்டமாகப் போய் இறங்குகிறோம். நல்ல மனதோடு வருகிறவர்கள்கூட இங்கே தவறு செய்துவிடுவதற்குக் காரணம், பெரும்பாலும் இது தெரியாமல் இருப்பதுதான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு நெருப்பு மூட்டுவது. போன வருடம் பங்குனியில் மன்னவனூர் பக்கம் ஒரு புல்வெளி ஓரமாக வந்துகொண்டிருந்தேன். ஒரு குடும்பம் மூன்று கல் வைத்துச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, அடுப்பின் மேல் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. "அணைச்சாச்சுண்ணே" என்றார் அந்தத் தம்பி. சாம்பல் கறுத்து நனைந்துதான் இருந்தது. ஒரு குச்சியால் ஓரத்தைக் கிளறிப் பார்த்தேன். புல்லின் வேர்கள் பின்னிக் கிடக்கும் மண்ணுக்குள், இரண்டு விரல் ஆழத்தில், சிவப்பாக ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. மேலே புகைகூட இல்லை. இன்னும் நான்கு பாட்டில் ஊற்றினோம். கிளறி, மறுபடி ஊற்றி, கையை வைத்துப் பார்த்துச் சூடு இல்லை என்று தெரிந்த பிறகுதான் எழுந்தோம். அந்தத் தம்பியும் கூடவே உட்கார்ந்து கிளறினார். அவருக்கு அக்கறை இல்லாமல் இல்லை. வேருக்குள் தீ நடக்கும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அதனால் "ஓரமாகத்தானே மூட்டினோம்", "அணைத்துவிட்டுத்தானே வந்தோம்" என்பதெல்லாம் இந்த மாதங்களில் செல்லாது. கேம்ப் ஃபயர் வேண்டாம், கேஸ் அடுப்பும் வேண்டாம். பீடி, சிகரெட் பிடிக்கிறவர்கள் காட்டுக்குள் இருக்கும்வரை பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். சமைத்த சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

தீயைக் கண்டால் என்ன செய்வது என்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. புகையைப் பார்த்ததும் உச்சியை நோக்கி ஓடத் தோன்றும். ஆனால் தீ மேல்நோக்கித்தான் வேகமாகப் போகும். கீழே எரிகிற சுவாலையின் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது, பகலில் பள்ளத்தாக்கிலிருந்து வீசும் காற்றும் மேலேறுகிறது. எவ்வளவு நல்ல ஓட்டக்காரராக இருந்தாலும் ஏற்றத்தில் அதை முந்துவது கடினம். பக்கவாட்டில் விலகுங்கள். வெறும் பாறை, ஓடைப் படுகை, ஏற்கெனவே எரிந்து முடிந்து ஆறிய இடம், இவற்றில் ஒன்றைப் பிடியுங்கள். சிக்னல் கிடைத்ததும் 101-க்கோ அருகில் உள்ள வனத்துறைச் சோதனைச் சாவடிக்கோ சொல்லுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், மலையேற்றம் போயிருந்த குழுவைக் காட்டுத்தீ சூழ்ந்ததில் 23 பேர் இறந்துபோனார்கள். அங்கே எரிந்ததும் இதே மாதிரி காய்ந்த புல்தான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகள் ஆன்லைன் முன்பதிவுக்கு வந்தன. கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி என்ற மலைக்கிராமத்துக்கு இறங்கும் பாதையும் அதில் ஒன்று. தீப்பருவம் என்பதால் 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை இவற்றை மூடி வைத்தார்கள். ஆகவே கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மூடியிருந்தால், "எனக்குத் தெரிந்த குறுக்கு வழி இருக்கு, கூட்டிட்டுப் போறேன்" என்று ஒருவர் கிடைப்பார். அவரோடு போகாதீர்கள். அனுமதி இல்லாமல் போகிறவர்கள் உள்ளே இருப்பது வெளியே யாருக்கும் தெரியாது. தேட வேண்டிய நேரத்தில் எங்கே தேடுவது?

இ-பாஸ் பற்றிப் பலருக்குத் தெரிந்திருக்கும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயமானது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. வார நாளில் வர முடிந்தால் உங்களுக்கும் நல்லது, இங்கே இருக்கிறவர்களுக்கும் நல்லது. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி தனியாக வேண்டும். யானை நடமாட்டம் இருந்தால் அந்தச் சாலையை மூடிவிடுவார்கள். அதற்காகச் சாவடியில் நிற்கும் காவலரிடம் சண்டை போடுவது நியாயமே இல்லை.

அடுத்தது, புல்வெளியைச் சும்மா கிடக்கிற இடம் என்று நினைப்பது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. மேல் மலையில் மடிப்புகளில் சோலையும் முகடுகளில் புல்லும் என்று இரண்டும் கலந்துதான் இருக்கும். மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து, மழை இல்லாத மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுவது இரண்டும் சேர்ந்துதான். சந்தேகமாக இருந்தால் ஒரு புல் குத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அடியில் விரலை விட்டுப் பாருங்கள். மேலே தாள் வைக்கோல் மாதிரி சரசரக்கும், அடியில் மண் சில்லென்று ஈரமாக இருக்கும். பங்குனி வெயிலிலும் அந்த ஈரம் இருக்கும். பெரியகுளத்துக்குக் குடிநீர் போவது பேரிஜம் ஏரியிலிருந்து. ஏரிக்குத் தண்ணீர் தருவது அதைச் சுற்றியுள்ள காடும் புல்லும்தான்.

இப்படிப்பட்ட புல்லின் மேல் ஜீப்பை ஏற்றி ஆஃப் ரோடு ஓட்டும்போது டயர் தடத்தில் புல் உரிந்து மண் இறுகிவிடுகிறது. அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே இறங்காமல் அந்தத் தடத்திலேயே ஓடும். இரண்டு மழைக்காலத்தில் அது வாய்க்காலாகிவிடும். பிறகு புல் அங்கே திரும்ப வர வெகு காலம் பிடிக்கும். வண்டியைத் தார்ச்சாலை ஓரம் நிறுத்திவிட்டு நடங்கள். நடக்கும்போதும் ஏற்கெனவே இருக்கிற ஒற்றையடிப் பாதையிலேயே போங்கள். போட்டோவுக்காக ஆளுக்கொரு பக்கம் இறங்கினால் ஆளுக்கொரு பாதை உண்டாகிவிடும். அந்தப் புல்லுக்கு நடுவில் பூ இல்லாமல் புதர் மாதிரி நிற்பதில் பல குறிஞ்சிச் செடிகள். 2018-இல் பூத்து, காய்த்து, செத்துப்போன நீலக்குறிஞ்சியின் விதையிலிருந்து வந்தவை அவை. பூப்பதற்கு 2030 ஆகும். பூ இல்லை என்பதால் யாரும் அடையாளம் கண்டுகொள்வதில்லை, மிதித்துவிட்டுப் போகிறார்கள். வீட்டுத் தொட்டியில் வைக்கலாம் என்று பிடுங்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. ஆர்க்கிட், பெரணி எதையும் அப்படி எடுக்கக் கூடாது.

போன் வரைபடத்தை நம்பிக் காட்டுக்குள் இறங்குவது இன்னொன்று. திரையில் கோடாகத் தெரிவது தீ பரவாமல் இருக்க வனத்துறை சுத்தம் செய்து வைத்த தீத்தடுப்புக் கோடாக இருக்கலாம், எப்போதோ கைவிடப்பட்ட பாதையாக இருக்கலாம். பேரிஜம் வழியாக மூணாறுக்குப் போகும் பழைய சாலையே மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பேரிஜம் போகும் வழியில் ஒரு சோலைக்கு நம் முன்னோர் மதிகெட்டான் சோலை என்றே பேர் வைத்திருக்கிறார்கள். உள்ளே போனால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி பாசி படிந்த மரம், ஒரே மாதிரி இருட்டு. பேரைக் கேட்டதும் உள்ளே போய்ப் பார்க்க ஆசை வருவது இயல்பு. சாலையிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

காட்டெருமை இப்போது ஊருக்குள்ளேயே வருகிறது. அமைதியாகப் புல் மேய்வதைப் பார்த்துவிட்டு, மாடு மாதிரிதானே என்று பக்கத்தில் போகிறார்கள். வளர்ந்த ஆண் ஒன்று ஆயிரம் கிலோ வரை இருக்கும். தலையைத் தாழ்த்தி, மூக்கால் பலமாக மூச்சுவிட்டால் அது எச்சரிக்கை. அது திரும்பி ஓட இடம் விட்டு, முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். கன்று கூட இருந்தால் இன்னும் அதிக தூரம் விடுங்கள். ஹாரன் அடித்துத் துரத்தவே கூடாது. குரங்குக்குப் பிஸ்கட், சோளம் கொடுப்பதும் வேண்டாம். சாலையோரம் காத்திருக்கப் பழகிய குரங்கு ஒருநாள் டயரில் மாட்டுகிறது, இல்லாவிட்டால் குழந்தையின் கையைக் கடிக்கிறது.

குப்பை பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குக் கொடைக்கானலில் தடை இருக்கிறது. 2024-இல் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரியும் விதித்தார்கள். ஒரு எவர்சில்வர் பாட்டில் போதும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: ஆரஞ்சுத் தோல், வாழைப்பழத் தோல் மட்கிவிடும் என்று எறிவார்கள். இந்தக் குளிரில் அது சீக்கிரம் மட்காது. அதுவரை குரங்கையும் காட்டுப்பன்றியையும் பாதைக்கு இழுத்துக்கொண்டிருக்கும். சிப்ஸ் உறையில் ஒட்டியிருக்கும் உப்புக்காக விலங்குகள் உறையோடு தின்றுவிடும். தோலும் உறையும் உங்கள் பையிலேயே கீழே இறங்கட்டும்.

வெள்ளகவிக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: ஊருக்குள் செருப்பு போட்டு நடக்கும் வழக்கம் அங்கே இல்லை. ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வீடுகளை, பெண்களை, குழந்தைகளைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அங்கே ரோடு கிடையாது. அவர்கள் வாங்கும் ஒவ்வொரு மூட்டையும் தலைச்சுமையாகவோ குதிரையிலோ வந்து சேர்வது. தேவையானதை நீங்களே கொண்டுபோங்கள், டீ குடித்தால் கேட்ட காசைக் கொடுங்கள்.

ஓடையில் சோப்பு, ஷாம்பு போட்டுக் குளிப்பது வேண்டாம். மெலிந்து ஓடும் தண்ணீரில் நுரை அப்படியே நிற்கும், கீழே அதைக் குடிக்கிற ஆளும் உண்டு, மாடும் உண்டு.

அப்புறம் சித்திரை, வைகாசியில் மலையடிவாரத்தில் பெரியகுளம் பக்கம் இருக்கும் கும்பக்கரை அருவிக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அருவியில் குளிக்கும்போது தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் மேலே கொடைக்கானலிலும் வட்டக்கானலிலும் கோடை மழை கொட்டியிருக்கலாம். அந்தத் தண்ணீர் பாறைச் சரிவில் இறங்கி வர அதிக நேரம் ஆகாது. தெளிவாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் வரத் தொடங்கினாலோ, சத்தம் மாறினாலோ உடனே கரையேறுங்கள். வனத்துறையினர் விசில் அடித்தால் எதிர்க்கரையில் வைத்த துணியை எடுக்கப் போக வேண்டாம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருக்கிற பக்கத்திலேயே மேடேறிவிடுங்கள்.