லைன் வீட்டில் இருந்து கவுன்சலிங்: நாம் செய்யும் தவறுகள்

நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஒரு எஸ்டேட் லைன், அதாவது தொழிலாளர் வீடுகளின் வரிசை. ராத்திரி எட்டு மணி. அந்த அக்கா அடுப்படியில் உட்கார்ந்து போனை மடியில் வைத்திருந்தார். இயர்போன் இல்லாததால் ஸ்பீக்கர் போட்டிருந்தோம். போனில் இருந்த சைக்காலஜிஸ்ட் ஆங்கிலத்தில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன்: "அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்ல முடியுமாக்கா?" தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமியார் இருமினார். பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் சட்டென்று குறைந்தது. அக்கா சொன்னார்: "ஒண்ணுமில்லம்மா, இப்ப நல்லாத்தான் இருக்கேன்."

டிவி சத்தம் குறைந்தது என் காதில் விழுந்தது. ஆனால் அதை நான் சொல்லவில்லை. அவர் பேசிய வார்த்தைகளை மட்டும் மாற்றிச் சொன்னேன். நன்றாக இருக்கிறார் என்று அந்தப் பக்கம் குறித்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் அக்கா போனை எடுக்கவே இல்லை.

பெரிய அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கு ஆன்லைன் கவுன்சலிங் என்றதும் எல்லோரும் சிக்னலைப் பற்றித்தான் கவலைப்படுகிறோம். அதைவிட முதலில் கேட்க வேண்டியது, அவர் எங்கே உட்கார்ந்து பேசப்போகிறார் என்பது. ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொள்ளும் லைனில் தனி அறை யாருக்கும் கிடையாது. அதனால் இடத்தை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். பூட்டியிருக்கும் பால்வாடி, கோயில் திண்ணை, பள்ளிக்கூட மைதானத்து ஓரம், ஞாயிற்றுக்கிழமை தேயிலைக் காட்டில் ஒரு சில்வர் ஓக் நிழல், எதுவானாலும் சரி. யாராவது வந்துவிட்டால் பேச்சை மாற்ற ஒரு வார்த்தையும் வைத்துக்கொள்ளுங்கள். "ரேஷன் கடை திறந்தாச்சா?" என்று அவர் கேட்டால் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அடிக்கிற கணவரின் போனில் இருந்து பேசுகிற பெண்ணுக்கு இந்த ஒரு வார்த்தை உயிர் காக்கும். அந்தப் போனில் குறுஞ்செய்தி, வாய்ஸ் மெசேஜ் எதுவும் அனுப்பக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது மொழி. நான் அதிகம் தவறு செய்ததும் இதில்தான். கூடலூர், பந்தலூர் பக்கம் இலங்கையில் இருந்து தாயகம் திரும்பியவர்களின் தமிழ் இருக்கிறது. மலையாளம் இருக்கிறது. பழங்குடிகளான பணியர்களும் காட்டுநாயக்கர்களும் வீட்டில் தங்கள் சொந்த மொழியைப் பேசுகிறார்கள். இப்போது ஜார்க்கண்டில் இருந்து வந்து கொழுந்து பறிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் இருமொழி கவுன்சலிங் என்றால் தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும் என்று நினைப்பது முதல் பிசகு. எந்த மொழியில் பேசலாம் என்று அவரிடமே கேளுங்கள். ஒரே ஆள் இரண்டு மொழியையும் இரண்டு விதமாகப் பயன்படுத்துவார். தாய்மொழியில் சொன்னால் தாங்காது என்று சம்பவத்தை மட்டும் இன்னொரு மொழியில் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவரைத் தமிழுக்கு இழுக்காதீர்கள். அந்தத் தூரம் அவருக்குத் தேவைப்படுகிறது.

வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைப்பது பெரிய தவறு. எட்டாம் வகுப்பு படிக்கிற பெண் நன்றாக ஆங்கிலம் பேசுகிறாளே என்று கூப்பிடுகிறோம். தன் அப்பாவை யானை அடித்ததை அம்மா வாயால் கேட்டு, அதை அவளே இன்னொரு மொழியில் திருப்பிச் சொல்ல வேண்டும். அம்மாவும் மகளுக்கு முன்னால் பாதியை விழுங்கிவிடுவார்.

மொழிபெயர்ப்பவர் சுருக்கிச் சொல்வதும் தவறுதான். ஒரு அண்ணன், தம்பியை யானைக்குப் பறிகொடுத்தவர், என்னிடம் சொன்னார்: "பலாப்பழ வாசம் வந்தா கை கால் விறைச்சுப் போகுதும்மா." நான் ஆங்கிலத்தில், பலாப்பழ வாசனை அவருக்கு ஆகாது என்றேன். சைக்காலஜிஸ்ட் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பலா பழுக்கும் காலத்தில்தான் யானைகள் லைன் வரைக்கும் வரும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அந்த வாசம்தான் அண்ணனை அந்த ராத்திரிக்கே திரும்ப இழுத்துப் போகிறது. பழைய நினைவைக் கிளறிவிடும் பொருள், வாசம், சத்தம் எதுவென்று கண்டுபிடிப்பது சிகிச்சையில் பாதி வேலை. மூன்று வாரம் கழித்துத்தான் நான் அதை விளக்கிச் சொன்னேன். அந்த மூன்று வாரமும் அவர் வாசலுக்கு வராமல் கதவைச் சாத்திக்கொண்டே இருந்தார்.

அதே மாதிரி "செத்துப் போயிடலாம் போல இருக்கு" என்ற பேச்சு. நம் ஊரில் கால் வலித்தாலும் இதைச் சொல்வோம். அதனாலேயே மொழிபெயர்க்கிறவர் இதை விட்டுவிடுவார். விடவே கூடாது. சொன்னதை அப்படியே சொல்லுங்கள். அப்புறம் நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு நெனப்பு வருதா? எதாவது செய்யணும்னு யோசிச்சு வெச்சிருக்கீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வருகிறது என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள். தேயிலைக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். 14416-க்குக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் எண் அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

இன்னொரு பக்கம், சம்பவம் நடந்த மறுநாளே எல்லோரையும் உட்கார வைத்துக் கதையைச் சொல்ல வைக்கும் அவசரம். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். 2024 ஜூலை 30 அன்று எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் வயநாட்டில், சூரல்மலையும் முண்டக்கையும் மண்ணுக்குள் போனபோது, சொந்தக்காரர்களைத் தேடி இங்கிருந்து ஓடியவர்கள் உண்டு. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரே ஒரு முறை உட்கார வைத்து நடந்ததை எல்லாம் கொட்ட வைப்பதைச் செய்ய வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முதல் நாட்களில் வேண்டியது சாப்பாடு, போர்வை, காணாமல் போனவர் பற்றிய உண்மையான தகவல், கூட ஒரு ஆள். அவராகப் பேசினால் கேளுங்கள். தோண்டாதீர்கள்.

பி.டி.எஸ்.டி., அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய், என்று பெயர் வைக்கவும் அவசரப்படக் கூடாது. தூக்கம் கெடுவது, கனவு, திடுக்கிடுவது, அந்த இடத்தின் பக்கமே போகாமல் இருப்பது, மனசு மரத்துப்போவது எல்லாம் முதல் சில வாரங்களில் யாருக்கும் வரும். பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே குறையும். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் பாதித்தால்தான் அந்தப் பெயர். ஆனால் இதையே சாக்காக வைத்து வருஷக்கணக்கில் தள்ளிப்போடுவதும் நடக்கிறது. இலங்கையில் 1983 கலவரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த பெரியவர்களுக்கு இன்றைக்கும் பட்டாசுச் சத்தம் ஆகவில்லை என்றால், அதற்கும் சிகிச்சை உண்டு. "வயசாச்சு, இனி எதுக்கு?" என்று விட்டுவிடாதீர்கள்.

பயந்த கோளாறு என்று சொல்லித் திருநீறு போடுவதையும் மந்திரிப்பதையும் கேலி செய்கிற கவுன்சலரிடம் யாரும் இரண்டாம் முறை பேச மாட்டார்கள். திருநீறும் இருக்கட்டும், கவுன்சலிங்கும் நடக்கட்டும். பயம் உடம்பில் தங்கிவிட்டது என்பதைத்தான் இரண்டு பேரும் சொல்கிறோம். அடிப்பது, சூடு வைப்பது, பட்டினி போடுவது என்று போனால் மட்டும் தடுத்தே ஆக வேண்டும். குடியும் இப்படித்தான். தூங்குவதற்காகக் குடிக்கிற ஆளிடம் எடுத்த எடுப்பில் குடியைத் திட்டினால் அவர் மறைக்க ஆரம்பிப்பார். எவ்வளவு குடிக்கிறார் என்று தெரியாமல் மருந்து எழுதவும் முடியாது. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கித் தருவது உதவி மாதிரி தெரியும், உதவி இல்லை. அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் டயஸிபாம் வகை மாத்திரைகளைத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே சொல்லிவிட்டது.

யாரிடம் பேசுகிறோம் என்று பார்க்காமல் இருப்பதும் தவறு. கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்கிற நிலைமைதான் இங்கே. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். தயங்காமல் கேளுங்கள். அதிர்ச்சியைக் குணப்படுத்துவதற்கென்றே பயிற்சி எடுத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். காசு இல்லை என்று கவுன்சலிங்கையே விட்டுவிட வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவர் எந்த நாளில் எங்கே வருகிறார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் தெரியும்.

எஸ்டேட் ஆபீசே கவுன்சலிங் ஏற்பாடு செய்திருந்தால் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். "என்ன சொன்னா? வேலைக்கு வருவாளா?" என்று சூப்பர்வைசர் கேட்பார், நல்ல எண்ணத்தில்கூட கேட்கலாம். சொல்லக் கூடாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை ரகசியத்தைச் சிகிச்சை பெறுபவரின் உரிமை என்று சொல்கிறது. அதே போல வேலை நேரத்தில் கவுன்சலிங் வைத்து அரை நாள் கூலியைப் போக வைக்காதீர்கள். அதிர்ச்சிக்கான சிகிச்சை பெரும்பாலும் 8 முதல் 15 வாரம் வரை ஓடும். இரண்டாவது அரை நாள் கூலி போனதுமே அவர் நின்றுவிடுவார். கொழுந்து எடை போட்டு வீடு வந்து, குளித்து, ஒரு டீ குடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மழைக்காலத்தில் இங்கே கரண்ட் போகும், டவரும் போகும். சம்பவத்தின் நடுவில், அழுகையின் நடுவில், போன் கட்டாகும். அதை முதல் நாளே பேசி வையுங்கள். திரும்பக் கூப்பிட வேண்டியது கவுன்சலர்தான், ரீசார்ஜ் இருக்கிறதோ இல்லையோ என்று சிகிச்சை பெறுபவர் கவலைப்பட வேண்டாம். பத்து நிமிஷத்துக்குள் போன் வரவில்லை என்றால் இந்த நம்பர், இந்த ஆள், என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அதுவரை அவர் செய்ய வேண்டியதையும் அதிலேயே எழுதுங்கள்: ரெண்டு காலையும் தரையில் அழுத்தி வை. கண்ணுக்குத் தெரியுற அஞ்சு சாமானோட பேரச் சொல்லு. குடத்துல இருந்து தண்ணி மொண்டு முகத்தக் கழுவு. பலாப்பழ வாசத்தைப் பற்றிச் சொன்ன அந்த அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் பாதம், கண், குடம் என்று மூன்று படம் வரைந்து கொடுத்தேன். அதை அவர் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறார்.